கேள்வி – பதில்: எந்த வேதாகமத்தை வாங்குவது?

வேதாகமத்தைத் தனியே அமர்ந்து வாசிப்பவர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னை வாசகர்களுடையவை. எங்கெங்கோ தொடங்கினாலும், எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது, எந்த உதவி நூலை நம்புவது என்ற இரண்டு கேள்விகளில்தான் அவை வந்து நின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பெரம்பூர் வாசகி ஒருவர்: ஐயா, எனக்கு 61 வயது. ஞாயிறு பள்ளி நாள்முதல் பழைய மொழிபெயர்ப்பைத்தான் வாசித்து வருகிறேன். பணி ஓய்வு பெற்றபின் ஒழுங்காகப் படிக்க எண்ணிப் புதிய வேதாகமம் வாங்கப் போனால், கடையில் நான்கு வகை வைத்திருக்கிறார்கள். எது நல்லது என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் ஆன்ட்டி" என்றார் கடையிலிருந்த பிள்ளை. என் மருமகளோ, பழையது தனக்குப் புரிவதே இல்லை என்கிறாள். எதை வாங்குவது?

பதில்: அம்மா, கடைப் பிள்ளை சொன்னதில் பாதி உண்மை. சொல்லப்படும் செய்தி ஒன்றுதான். சொல்லும் தமிழ்தான் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தது. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இராது.

உங்கள் கையில் இருப்பது 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் என்ற பாதிரியாரின் தலைமையில், பல சபையாரும் ஏற்கும்படியான ஒரு பொதுத் திருப்புதலாக அது உருவாயிற்று. பவர், தமிழைப் பிழைப்புக்காக மட்டும் கற்றவர் அல்லர், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை முழுமையாகப் பதிப்பிப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அதன் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை அச்சில் கொண்டுவந்தவர். ஆகவே பழைய மொழிபெயர்ப்பின் நடையைக் 'கொச்சைப் பாதிரித் தமிழ்' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது தன் காலத்து உரைநடை. வடசொல் மிகுதி என்பது உண்மைதான். அன்று எழுதப்பட்ட பத்திரங்களிலும் பாடநூல்களிலும் அதே அளவு வடசொல் இருந்தது.

அதற்கு முன்னும் ஒரு நீண்ட வரிசை உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1714–15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். நம் வேப்பேரியில் இருந்துகொண்டு பப்ரிசியஸ் அதைப் புதிதாகச் செய்தார். புரசைவாக்கத்துப் பள்ளியின் பெயரில் இன்றும் வாழ்கிறவர் அவரே. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் துணைநின்றார். சைவத்துக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய நாவலரின் கை வேதாகமத் தமிழிலும் பட்டிருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இவர்கள் எல்லாரும் முட்டி நின்ற ஓர் இடம் உண்டு. கடவுளை எந்தச் சொல்லால் அழைப்பது? சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871இல் 'தேவன்' என்றார்கள். 1995இல் 'கடவுள்' ஆயிற்று. ஒரு சொல்லுக்கு ஏறத்தாழ 280 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன என்றால், மருமகளுக்கும் மாமியாருக்கும் கருத்து வேறுபடுவதில் வியப்பில்லை.

1995இல் வந்தது திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கூடி, எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து இன்றைய தமிழில் செய்தது. சங்கீதம் 23இன் முதல் வசனத்தை எடுத்துக்கொள்வோம். பழையதில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." புதியதில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." முதலாவது உங்கள் நாவில் ஊறியது, அதை மாற்றிச் சொல்லச் சொன்னால் உங்கள் நா மறுக்கும், மறுக்கட்டும். ஆனால் 'தாழ்ச்சி' என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் 'தாழ்வு மனப்பான்மை'யோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். குறைவுபடுதல் என்ற பொருள் அவர்களுக்கு எட்டுவதில்லை.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு பேதுருவின் முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், இருக்கிறது. விசுவாசிகளை "அந்நியர்களும் பரதேசிகளுமாயிருக்கிற" என்று விளித்துத் தொடங்குகிறது 2:11. 1871இல் பரதேசி என்றால் வேற்று நாட்டவன், ஊர்விட்டு ஊர் வந்து தங்கியவன். இன்று நம் தெருவில் யாரையாவது அப்படி அழைத்துப் பாருங்கள், தெரியும். ஒரு வாலிபர் கூட்டத்தில் இந்த வசனத்தை வாசிக்க நேர்ந்தபோது பின்வரிசையிலிருந்து எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்களைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்தான் இடம் மாறிவிட்டது. லூக்கா 16இல் வரும் 'உக்கிராணக்காரன்' வேறு வகை. அங்கே சிரிப்புக்கும் வழியில்லை. ஒரு செல்வருடைய சரக்குக்கும் கணக்குக்கும் பொறுப்பாளன் அவன் என்பது தெரியாமலேயே கதையைக் கடந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஆங்கில வேதாகமத்தை மட்டும் வாசிப்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாத சிக்கல். மரியாதைப் பன்மை எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் நம்மிடம் உள்ளதுபோல் இல்லை. தமிழில் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவுடனே அவனா, அவரா என்று முடிவு செய்தாக வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் தேவனுக்கும் இயேசுவுக்கும் 'அவர்'. ஆபிரகாமும் மோசேயும் பேதுருவும் 'அவன்'. மரியாள் "என்றாள்". பொதுமொழிபெயர்ப்பில் மரியா "என்றார்", மோசேயும் பேதுருவும் 'அவர்'. இதில் எது சரி என்று மூலத்தைக் கேட்டால் மூலம் பதில் சொல்லாது. முன்னது தேவனுக்கும் மனிதருக்கும் உள்ள தொலைவைக் காக்கிறது. பின்னது இன்றைய மேடை நாகரிகத்தைக் காக்கிறது. என்னைக் கேட்டால், மோசேயை 'அவன்' என்று வாசிக்கும்போதுதான் அவன் ஓடி ஒளிந்ததும் திக்கித் தயங்கியதும் எனக்கு அருகில் வருகின்றன. ஆனால் மரியாளை 'அவள்' என்று கேட்டுப் பழகாத கத்தோலிக்க நண்பரிடம் இதை நான் வாதிடமாட்டேன்.

'நாம்', 'நாங்கள்' என்ற பிரிவும் அப்படியே. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மாற்கு 4:38இல் படகு அமிழப் போகிறது. இயேசு அதே படகில் தலையணையில் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். 'நாம்' என்று எழுதியிருந்தால் அவரும் சேர்ந்து மூழ்குவார் என்று அவர்கள் நினைத்ததாக ஆகும். 'நாங்கள்' என்றதனால், அந்த அலையிலும் அவரை அவர்கள் வேறாக எண்ணியதாக ஆகிறது, அல்லது தங்கள் உயிரை மட்டும் நினைத்ததாக ஆகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கவுரையையே ஒரு பிரதிப்பெயருக்குள் வைத்துவிட்டார். இப்படிப்பட்ட இடங்களில் நிறுத்தி யோசிக்கும் வாய்ப்பு தமிழ் வாசகருக்குத்தான் கிடைக்கிறது.

ஆகவே என் யோசனை இது. பழைய வேதாகமத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்ற வேண்டியதில்லை. மனப்பாடமும் ஜெபமும் அதிலேயே நடக்கட்டும். இரண்டாவதாகப் பொதுமொழிபெயர்ப்பை வாங்குங்கள். ஒரு பகுதியை முதலில் பழையதில் வாய்விட்டு வாசித்து, பிறகு புதியதில் வாசித்து, இரண்டும் வேறுபடும் சொல்லின்கீழ் பென்சிலால் கோடிடுங்கள். ஒரு மாதம் போனால் உங்கள் பாடத்திட்டத்தை அந்தக் கோடுகளே சொல்லும். மருமகளுக்குப் 'புரியவில்லை' என்பதே தடை என்றால், பழையதையே அடியொற்றிக் கடினச் சொற்களை மாற்றி 2019இல் வந்த இந்தியத் திருத்திய பதிப்பு பொருந்தும். சபையில் வாசிக்கும் வசனமும் அவர் கையில் இருக்கும் வசனமும் பெரிதும் விலகாமல் போகும். மிக எளிய நடையில் உள்ள பதிப்புகளும் கடையில் உண்டு. அவை கதைப் பகுதிகளுக்கு நல்லவை. ரோமர் நிருபத்துக்கு அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். பவுலின் நீண்ட வாக்கியத்தைத் துண்டு துண்டாக்கும்போது, 'ஆகையால்', 'ஏனெனில்' என்ற இணைப்புகளில் சில கழன்றுபோகின்றன; பவுலின் வாதம் முழுவதும் அந்த இணைப்புகளில்தான் இருக்கிறது.

கல்லூரி மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை: நான் தமிழில் பழைய மொழிபெயர்ப்பையும், ஆங்கிலத்தில் என்.ஐ.வி. பதிப்பையும் செல்பேசியில் அருகருகே வைத்து வாசிக்கிறேன். மத்தேயு 17இல் ஆங்கிலத்தில் 20ஆம் வசனத்துக்குப் பிறகு 22 வருகிறது, 21 இல்லை. "ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி" என்ற வசனத்தைத் திட்டமிட்டு நீக்கிவிட்டார்கள் என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தியும் வந்தது. வேதத்திலிருந்து வசனத்தை எடுக்க இவர்கள் யார்?

பதில்: தம்பி, கோபத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐயர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராய் ஏடு தேடினார். கிடைத்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றில் இருக்கும் அடி மற்றொன்றில் இராது; ஓரத்தில் யாரோ எழுதிவைத்த விளக்கம் அடுத்த பிரதியில் மூலத்துக்குள் நுழைந்திருக்கும். அவர் ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தை நிறுவி, மற்றவற்றைப் பாடபேதமாகக் காட்டினார். அதனால் அவர் சிந்தாமணியை வெட்டிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை.

புதிய ஏற்பாட்டுக்கும் இதுவே நடந்தது. 1516இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை ஒரு சில பிற்காலக் கையெழுத்துப் பிரதிகள். அந்த மரபில் வளர்ந்த அச்சுப் பாடத்துக்கு 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் வசன எண்களை இட்டார். அந்தப் பாடத்தில் மத்தேயு 17:21 இருந்தது. ஆகவே அதற்கும் ஓர் எண் கிடைத்தது. பின்னர் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பெரும் ஏடுகளை அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்தார்கள். ஒன்று ரோமாபுரியில் வாத்திக்கான் நூலகத்தில் இருப்பது. மற்றொன்று சீனாய் மலையடியில் உள்ள புனித கத்தரீனாள் மடத்தில் டிஷண்டார்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டெடுத்தது, இன்று அதன் பெரும்பகுதி லண்டனில் இருக்கிறது. இரண்டிலும் அந்த வசனம் இல்லை. மாற்கு 9:29இல் வரும் அதே கருத்தை, பிரதி எடுத்த யாரோ ஒருவர் மத்தேயுவிலும் சேர்த்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் முடிவு. வசனம் போயிற்று, எண் மட்டும் காலியாக நின்றுவிட்டது. எண்ணை மாற்றினால் நானூறு ஆண்டு மேற்கோள்கள் எல்லாம் குழம்பும் என்பதால் இடைவெளியை அப்படியே விட்டார்கள். ஒளிக்க நினைத்தவர்கள் அந்த இடைவெளியை உங்கள் கண்ணில் படும்படி விட்டிருப்பார்களா? தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஓர் அடிக்குறிப்பு இருக்கும்.

நம் பழைய மொழிபெயர்ப்பு 1871. இந்த ஏடுகளின் அடிப்படையில் வெஸ்ட்காட், ஹோர்ட் என்ற அறிஞர்கள் கிரேக்கப் பாடத்தைப் புதிதாகப் பதிப்பித்தது 1881இல். பத்து ஆண்டு இடைவெளியில் நம்முடையது முந்திக்கொண்டது, அவ்வளவே. 1 யோவான் 5:7இல் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற பகுதியும் இத்தகையதுதான். எராஸ்மஸ் அதைத் தம் முதல் இரண்டு பதிப்புகளில் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வலுத்தபின் 1522இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவ உபதேசம் அந்த ஒரு வசனத்தின்மேல் நிற்கவில்லை. அந்த வசனம் இல்லாத காலத்திலும் சபை அந்த உபதேசத்தை அறிக்கையிட்டு வந்தது.

உபவாசத்தைப் பற்றி ஒரு சொல். மத்தேயு 6:16இல் "நீங்கள் உபவாசிக்கும்போது" என்று எந்த ஏட்டிலும் மாறாமல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உபவாசத்தை நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை. வாட்ஸ்ஆப் செய்தியை மட்டும் யாருக்கும் அனுப்பாதிருங்கள்.

தாம்பரம் வாசகர்: நான் சி.எஸ்.ஐ. சபை, என் மனைவி கத்தோலிக்கர். இரவு குடும்ப ஜெபத்தில் இரண்டு வேதாகமங்களும் இரண்டு வழியில் போகின்றன. அவர் 'தொடக்கநூல்' என்பதை நான் 'ஆதியாகமம்' என்கிறேன். அவருடையதில் என்னிடம் இல்லாத நூல்களும் இருக்கின்றன. பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

பதில்: பிள்ளைகள் குழம்பமாட்டார்கள், தாத்தாவை ஒரு வீட்டில் 'தாத்தா' என்றும் மறு வீட்டில் 'அப்பப்பா' என்றும் அழைக்கப் பழகியவர்கள் அவர்கள். பெரியவர்களுக்குத்தான் ஒரு சீட்டு தேவைப்படுகிறது. யாத்திராகமம் என்றால் விடுதலைப் பயணம், சங்கீதம் என்றால் திருப்பாடல்கள், பிரசங்கி என்றால் சபை உரையாளர், அப்போஸ்தலர் நடபடிகள் என்றால் திருத்தூதர் பணிகள், வெளிப்படுத்தின விசேஷம் என்றால் திருவெளிப்பாடு. அரைத்தாளில் எழுதி இரண்டு வேதாகமங்களின் உள்ளட்டையிலும் ஒட்டிவிடுங்கள். 'சுவிசேஷம்' என்பது 'நற்செய்தி', 'ஞானஸ்நானம்' என்பது 'திருமுழுக்கு', 'கிருபை' என்பது 'அருள்' என்று கீழே சில சொற்களையும் சேர்த்தால் போதும்.

உண்மையில் உங்கள் தாத்தா காலத்தில் இது இன்னும் கடினமாக இருந்தது. அன்றைய கத்தோலிக்க நூல்களில் யோவான் 'அருளப்பர்', பவுல் 'சின்னப்பர்', பேதுரு 'இராயப்பர்'. இராயபுரம் என்ற ஊர்ப்பெயரையே அந்த இராயப்பரோடு சேர்த்துச் சொல்வார்கள். பொதுமொழிபெயர்ப்பு வந்தபோது யோவான், பவுல், பேதுரு என்றே இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலின் பயனை உங்கள் வீட்டில் நீங்கள் அனுபவிக்கிறீர்கள்.

நூல்களின் எண்ணிக்கை: உங்களுடையதில் 66, அவருடையதில் 73. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகிய ஏழும் கூடுதல். எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகள் மிகுதி. இவை கிரேக்க மொழிபெயர்ப்பு மரபின் வழியாக வந்தவை. எபிரேய வேதத் தொகுதியில் இடம்பெறாததால் சீர்திருத்தச் சபைகள் அவற்றைத் திருமுறையில், அதாவது வேதமாக ஏற்கும் நூல்களின் வரிசையில், சேர்க்கவில்லை. பொதுமொழிபெயர்ப்பு அவற்றை 'இணைத் திருமுறை நூல்கள்' என்ற தலைப்பில் இரு ஏற்பாடுகளுக்கும் இடையே வைத்திருக்கிறது. எனவே எதை எங்கே வாசிக்கிறோம் என்பதில் மயக்கம் வராது. உபதேசத்துக்கு நீங்கள் அவற்றை ஆதாரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மக்கபேயர் நூல்களை வாசிக்காமல், யோவான் 10:22இல் வரும் 'தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை' எங்கிருந்து வந்தது என்று உங்களால் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது. அந்த ஓர் இரவு மட்டும் அவர் வேதாகமத்தை நீங்கள் கடன் வாங்குங்கள்.

அம்பத்தூர் வாசகர், கணினித் துறை: தனிப்பட்ட ஆராய்ச்சிக்காக விளக்கவுரைத் தொகுதி ஒன்றும், விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றும் வாங்க எண்ணியிருக்கிறேன். எதில் தொடங்கலாம்? எபிரேயம், கிரேக்கம் தெரியாமல் மூலச்சொல்லைப் பார்க்க வழி உண்டா?

பதில்: பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு தவணைமுறையில் நான் வாங்கிய பெரிய விளக்கவுரைத் தொகுதி ஒன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் ராமபாணப் பூச்சி வாசித்த அளவு நான் வாசித்ததில்லை. காரணம் சோம்பல் மட்டும் அன்று. பகுதியை நான் யோசிக்கும் முன்பே விளக்கவுரை யோசித்து முடித்துவிடும். பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை.

தேவையானவை மிகக் குறைவு. முதலாவது ஓர் ஒத்தவாக்கிய வேதாகமம். பக்கத்தின் நடுவிலோ ஓரத்திலோ பொடி எழுத்தில் தொடர்புடைய வசனங்களைக் குறித்திருப்பார்கள். இரண்டாவது, சொல்லைக் கொண்டு வசனத்தைத் தேடித் தரும் ஒத்தவாக்கிய அகராதி. செல்பேசியில் யூவெர்ஷன் போன்ற இலவசச் செயலியில் தமிழிலேயே சொல்லைத் தட்டித் தேட முடிவதால், இதை அச்சில் வாங்குவது உங்கள் விருப்பம். மூன்றாவது ஒரு வேதாகம அகராதி. நான்காவது, கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு. பூங்கா நகரில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கக் கடைக்கு ஒரு மாலை போனால் இவற்றைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். எழுத்தின் அளவையும் தாளின் மெல்லிமையையும் கையில் எடுத்துப் பார்க்காமல் இணையத்தில் வாங்காதீர்கள்.

மூலச்சொல்லுக்கு ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட எண் முறை இன்றும் உதவுகிறது. ஒவ்வொரு எபிரேய, கிரேக்கச் சொல்லுக்கும் அவர் ஓர் எண் கொடுத்தார். கேம்பிரிட்ஜின் டிண்டேல் ஹவுஸ் ஆய்வகத்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெப் பைபிள், அதுபோன்ற பைபிள் ஹப் ஆகிய இணையதளங்களில் ஆங்கில வசனத்தின் சொல்லைத் தொட்டால் அந்த எண்ணும் பொருளும் வரும். ஒருமுறை செய்து காட்டுகிறேன்.

மத்தேயு 5:3, பழையதில் "ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்." பொதுமொழிபெயர்ப்பில் "ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்." எளிமை என்றால் இன்று நமக்குக் கதர்ச்சட்டை, ஆடம்பரமின்மை. ஏழை என்றால் வேறு. எது மூலத்தில்? அங்கே இருக்கும் கிரேக்கச் சொல் ப்தோகோஸ், ஸ்ட்ராங் எண் 4434. கையேந்தும் அளவுக்கு ஒன்றும் இல்லாதவர். இப்போது 'எளியவன்' என்பதன் பழைய தமிழ்ப் பொருளை நினைத்துப் பாருங்கள்: வலியற்றவன், வறியவன். அப்படியானால் 1871இல் 'எளிமை' தவறன்று, நாம்தான் அச்சொல்லைச் சலவை செய்துவிட்டோம். அதே கிரேக்கச் சொல் வேறு எங்கே வருகிறது? லூக்கா 6:20, "தரித்திரராகிய நீங்கள் பாக்கியவான்கள்." லூக்கா 4:18, "தரித்திரருக்குச் சுவிசேஷத்தை." அங்கிருந்து ஒத்தவாக்கியம் ஏசாயா 61:1க்கு அனுப்புகிறது, அங்கே தமிழ் "சிறுமைப்பட்டவர்களுக்கு" என்கிறது. எளிமை, தரித்திரம், சிறுமை என்ற மூன்று தமிழ்ச் சொற்கள் ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்கின்றன. இதற்கு ஆன நேரம் இருபது நிமிடம், செலவு இல்லை. இப்போது விளக்கவுரையைத் திறந்தால் அதோடு உங்களால் பேச முடியும், மறுக்கவும் முடியும்.

ஓர் எச்சரிக்கை. ஸ்ட்ராங் எண்ணின்கீழ் ஏழெட்டுப் பொருள்கள் வரிசையாக இருக்கும். பிரசங்கத்துக்கு ருசியானதைப் பொறுக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. தமிழ் தெரியாத ஒருவர் 'படி' என்ற சொல்லுக்கு அகராதி பார்த்துவிட்டு, "படி என்றால் வாசித்தல், மாடிப்படி, அரிசி அளக்கும் படி, பயணப்படி, நகல், ஆகவே 'பாடத்தைப் படி' என்பதில் மேலே ஏறுதல் என்ற ஆழம் அடங்கியிருக்கிறது" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? கிரேக்கருக்கும் அப்படித்தான் இருக்கும். சொல்லின் பொருளை அது நிற்கும் வாக்கியம்தான் தீர்மானிக்கிறது.

கணக்கில் உங்களுக்கு நாட்டம் இருக்கும் என்பதால் இதையும் போட்டுப் பாருங்கள். மத்தேயு 18இல் ஒருவன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன், அரசன் அதை மன்னித்துவிடுகிறான். அவனுக்கு உடன்வேலைக்காரன் நூறு வெள்ளிப்பணம் கடன், அதை அவன் மன்னிக்க மறுக்கிறான். மத்தேயு 20:2இன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி. வேதாகம அகராதி ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 பணம் என்கிறது. ஆக, இவனுக்கு வரவேண்டியது நூறு நாள் கூலி, மூன்று மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல். அற்பத் தொகை அன்று, அதற்காக யாரும் கோபப்படுவார்கள். இவன் கட்டவேண்டியிருந்ததோ ஆறு கோடி நாள் கூலி. இந்தப் பெருக்கலைச் செய்யாமல் பல ஆண்டுகள் அந்த உவமையைப் பிரசங்கித்திருக்கிறேன்.

மயிலாப்பூர் வாசகர்: நான் இந்து. இலக்கிய ஆர்வத்தால் விவிலியத்தை ஒருமுறை வாசிக்க விரும்புகிறேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்கி லேவியராகமத்தில் இரண்டு முறை நின்றுவிட்டேன்.

பதில்: அங்கே நின்றவர்களில் எங்கள் சபை மூப்பர்களும் உண்டு, வருந்தாதீர்கள். பொதுமொழிபெயர்ப்பில் மாற்கு நற்செய்தியை வாசியுங்கள். நான்கில் சிறியது, 16 அதிகாரம், ஒரு மாலையில் முடியும். பிறகு லூக்கா 15, ரூத்து, யோனா. இலக்கியச் சுவைக்காக என்றால் சங்கீதங்களையும் யோபுவையும் பழைய மொழிபெயர்ப்பிலும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஓர் அடி சொன்னதை அடுத்த அடி வேறு சொல்லால் திரும்பச் சொல்லும் எபிரேயப் பாட்டின் அமைப்பு, மொழிபெயர்ப்பிலும் அழியாத அணி. எதுகை மோனையில் வளர்ந்த காதுக்கு அது முதலில் வெறுமையாகவும் பத்தாம் சங்கீதத்துக்குள் பழக்கமாகவும் ஆகிவிடும்.

திருவொற்றியூர் வாசகி: அம்மாவுக்கு 78 வயது. கண்புரை அறுவைக்குப் பின்னும் பொடி எழுத்து தெரியவில்லை. செல்பேசிச் செயலியில் வாசிக்கச் சொன்னேன். நடுவே விளம்பரம் வந்து பயந்துவிட்டார்.

பதில்: விளம்பரம் வரும் செயலியை நீக்கிவிடுங்கள்; விளம்பரமே இல்லாத இலவசச் செயலிகள் இருக்கின்றன. இதே தொல்லை எனக்கும் ஒருமுறை நேர்ந்தது, அதுவும் ஒரு துக்க வீட்டு ஜெபத்தின் நடுவில். அச்சில் பெரிய எழுத்துப் பதிப்பு கிடைக்கிறது, ஆனால் கனமானது; மடியில் வைத்து வாசிக்க முடியாது, சாய்மேசையோ தலையணையோ வேண்டும். ஜிப் உறை போட்டதை வாங்காதீர்கள், வயதான விரலுக்கு அந்த ஜிப்பே ஒரு வேலை. கேட்பதற்கு என்றால் தமிழில் ஒலி வேதாகமம் செயலிகளிலேயே உண்டு. வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து வையுங்கள். கட்டாயம் பழைய மொழிபெயர்ப்பின் ஒலிப்பதிவையே போட்டுக் கொடுங்கள். 78 வயதில் அவருக்குப் பாதி வசனம் மனப்பாடமாக இருக்கும், வேறு சொல்லில் கேட்டால் வாசிக்கிறவர் தவறுகிறார் என்று திருத்திக்கொண்டே இருப்பார்.